செத்த மாட்டை வரைந்தவன்

1993இல் பத்தாவது முடித்த எங்கள் செட், முப்பது வருஷம் ஆனதைக் கொண்டாட 2023 டிசம்பரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. மலர் ஒன்று போட்டார்கள். அதில் 'மறைந்த நண்பர்கள்' என்று ஒரு பகுதி. "நம்ம ஆர்ட்டிஸ்டப் பத்தி நீதான் எழுதணும், ஒங்க தெருக்காரன்தானே" என்று என்னிடம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து மலர்க்குழுவிலிருந்து போன். கட்டுரை பிரமாதமாம். படிச்சுட்டு கண் கலங்கிட்டாங்களாம். சாதி வருகிற இடங்களையும் அவன் செத்த விதத்தையும் மட்டும் எடுத்துவிட்டால் அப்படியே போட்டுவிடலாமாம். "நாம என்ன அப்ப சாதி பாத்தா பழகினோம்?"

எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? நன்றாகப் படம் போடுவான், சீக்கிரம் செத்துப்போனான். இரண்டு வரி. கடைசியில் அந்த இரண்டு வரியைத்தான் மலரில் போட்டார்கள், 'பிறவிக் கலைஞன்' என்று தலைப்புக் கொடுத்து.

பிறவிக் கலைஞன்! இந்த நாட்டில் பிறவி என்ற சொல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தி வந்திருக்கிறோம் என்று தெரிந்துதான் எழுதினார்களா? ஓவியம் பிறவியிலேயே வந்ததாம். மலக்குழியும் அதே பிறவியில்தான் வந்தது என்று எழுதினால் மட்டும் நாகரிகக் குறைவு.

அவன் பெயரை இங்கே போடவில்லை. அவன் அம்மா இருக்கிறார், அவருடைய மனு ஒன்று நடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாதி பார்த்தா பழகினோம் என்று கேட்பவர்களுக்கு: நீங்கள் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வருஷா வருஷம் "ஸ்காலர்ஷிப் வாங்குற எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்கடா" என்று வகுப்பின் நடுவில் எழுப்பி நிறுத்துவார்களே, அப்போது உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். எழுந்து நின்றவர்கள் நாங்கள். நின்றவனுக்குத்தான் அது ஞாபகத்தில் இருக்கும். மூத்திரக் கொட்டகைக்குத் தண்ணீர் ஊற்றி விடுவது 'முறை' என்றார்கள். முறைன்னா அது சுத்தி வரணும் இல்லையா? அந்த முறை எங்களிடம் வந்தது, அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது.

அவன் ஓவியனான கதையும் இந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. கரும்பலகைக்குக் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசுகிற வேலையும் எங்கள் தலையில்தான். மிச்சக் கரியை எடுத்துக்கொண்டு கொட்டகைச் சுவரில் வரைவான். வாத்தியார்கள் வருகிற நடை, சத்துணவு ஆயா கரண்டி பிடிக்கிற பிடி, எங்கள் அம்மாக்கள் வரிசையாகக் குனிந்து நடவு நடுவது. பனைமட்டை நுனியைக் கல்லில் நசுக்கி அவனே பிரஷ் செய்துகொள்வான். சிவப்புக்குக் காவிக்கட்டி. நீலத்துக்குத் துணிக்குப் போடுகிற சலவை நீலம்.

எட்டாவது படிக்கும்போது ஒருநாள் 'பசு' என்று படம் வரையச் சொன்னார் வாத்தியார். எல்லாரும் மடி பெருத்த மாடு, கழுத்தில் மணி, பக்கத்தில் கன்று என்று வரைந்தார்கள். இவன் வரைந்தது செத்த மாடு. கால்களைக் கட்டி, மூங்கிலில் கோத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு நாலு பேர் தூக்கிப் போகிறார்கள். முன்னால் தூக்குகிறவருக்கு அவன் அப்பாவின் முகம். பின்னாலேயே ஒரு நாய். தூரத்தில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாட்டுக்குச் சொந்தக்காரர் நிற்கிறார். அவர் இன்னொரு கையில் பால் சொம்பு. பால் கொடுக்கிற வரைக்கும் ஊருக்கு, செத்தால் சேரிக்கு. பசுவின் அரசியலைப் பற்றி அதற்குப் பிறகு நான் எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன். பதின்மூன்று வயசுப் பையன் ஒரு பக்கத்தில் போட்டதுக்கு மேலே ஒன்றும் புதுசாகத் தெரிந்துகொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வாத்தியார் பார்த்தார். "ஒம் புத்தி ஒன்ன விட்டு எங்கடா போவும்" என்று நாலாகக் கிழித்தார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மலருக்குக் கொடுத்த கட்டுரையிலும் இதை எழுதியிருந்தேன்.

அந்த வாத்தியாருக்கே அறிவியல் கண்காட்சி வந்தபோது அவன் தேவைப்பட்டான். இதயத்தின் அமைப்பு, பூவின் பாகங்கள், ஜீரண மண்டலம், அத்தனை சார்ட்டும் அவன் கை. ராத்திரி அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து போட்டான். மூலையில் ஊர்ப் பையன்களின் பெயர். எழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெயர்களையும் அவனையே எழுத வைத்தார்கள்.

1850இலிருந்து சென்னையில் ஓவியக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. பத்து வருஷப் படிப்பில் ஒரு வாத்தியாரும் இதை எங்களுக்குச் சொன்னதில்லை. எனக்கே தெரிந்தது அவன் செத்த பிறகுதான். பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு அவன் சைன்போர்டு எழுதுகிற கடையில் டப்பா கழுவப் போனான். ரெண்டு வருஷத்தில் தனியாக எழுத ஆரம்பித்தான்.

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி நம்மைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் எங்கள் வட்டாரத்தில் இயக்கச் சுவரென்றால் அது அவன் சுவர். நூலைச் சுண்ணாம்பில் நனைத்துச் சுண்டிக் கோடு போடுவான். அதற்குள் ஆள் உயர எழுத்து நிற்கும். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டுக்கு, எட்டாவது படிக்கும்போதே, தெருமுனைச் சுவரில் சலவை நீலத்தில் அவன் போட்ட கோட்டும் கண்ணாடியும்தான் எங்கள் சேரியில் வந்த முதல் அம்பேத்கர். ராத்திரியில் யாரோ சாணி அடித்தார்கள். கழுவிவிட்டுத் திரும்ப வரைந்தான். 1997 ஜூன் 30இல் மேலவளவில் பஸ்ஸை மறித்து ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றபோதும், 1999 ஜூலையில் தாமிரபரணியில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தை அடித்து விரட்டி 17 பேர் செத்தபோதும், கண்டனச் சுவரெல்லாம் அவனுடையதுதான். கூலி என்ன கொடுத்தோம்? டீ, பரோட்டா, "தோழர்" என்ற ஒரு சொல். பெயிண்டுக் காசில் பாதி கடன் நின்றது.

அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. 2000க்குப் பிறகு ரெண்டு மூணு வருஷத்தில் எங்கள் டவுனில் பிரஷ் பிடித்தவன் பிழைக்க முடியாமல் போனான். மற்றக் கட்சிகளைச் சொல்லி என்ன பயன்? நாமும்தானே போனோம். பத்து பேர் மூஞ்சி தெரிய வேண்டும் என்றால் ஃப்ளெக்ஸ்தான் வசதி. பண்பாட்டுப் புரட்சி, மாற்று அழகியல் என்றெல்லாம் இதே மாதிரிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்த அழகியலைக் கையில் வைத்திருந்தவனுக்கு அடுத்த வேளைச் சோறு எங்கே என்று எந்தக் கூட்டத்திலாவது பேசினோமா? நான் பேசவில்லை.

கடையை மூடினால் ஊர்க்காரன் இன்னொரு கடை வைப்பான். இவனுக்குக் கிடைத்தது கொத்து வேலையில் சித்தாள், அப்புறம் காண்ட்ராக்டர் கூப்பிட்ட வேலை. 2006இல் பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு லாட்ஜில் மலக்குழி அடைத்துக்கொண்டது. முதலில் இறங்கியவர் அருந்ததியர் காலனிக்காரர். அதில் வருகிற ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் விட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஆள் விழுந்துவிடுவான். விழுந்தவரைத் தூக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன் இவன். ரெண்டு பேரும் பிணமாகத்தான் மேலே வந்தார்கள். இவனுக்கு 28 வயசு.

எங்கள் தெருவில் அன்றைக்குப் பேசிக்கொண்டதை எழுதாமல் விட்டால் நானும் மலர்க்குழுதான். "அந்த ஆளுக்காக இவன் எதுக்கு எறங்கணும்? நம்ம சனம் பண்ற வேலையா அது?" அருந்ததியர் காலனியைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தினவர்கள் நாமும்தான். அவன் வரைந்த படத்தில் துண்டால் பொத்திக்கொண்டு நிற்கிறாரே, அவர் ஊர்த்தெருவில் மட்டும் இல்லை.

மறுநாள் பேப்பரில் ஒற்றைப் பத்தி: 'விஷவாயு தாக்கி இருவர் பலி'. வாயு எங்கேயிருந்து வந்து தாக்கியது? அது பாட்டுக்குக் குழிக்குள் இருந்தது. மூடியைத் திறந்து ஆளை உள்ளே அனுப்பியவனுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. எஃப்.ஐ.ஆர். அதையும் தாண்டியது. நடந்து போகும்போது மூடி உடைந்து தவறி விழுந்தார்கள் என்று எழுதிச் சந்தேக மரணமாக முடித்தார்கள்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கிற முதல் சட்டம் நாங்கள் பத்தாவது முடித்த அதே 1993இல் வந்தது. அது உலர் கழிப்பறையோடு நின்றுவிட்டது. மலக்குழியில் பாதுகாப்பில்லாமல் ஆள் இறக்குவதைக் குற்றமாக்கிய சட்டம் 2013இல் நிறைவேறி, அந்த வருஷம் டிசம்பர் 6 முதல் அமலுக்கு வந்தது. தேதியை மட்டும் மரியாதையாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அவன் அம்மாவுக்கு இதுவரை ஒரு ரூபாய் வரவில்லை. கேட்டால், ஒங்க பையன் வேலை செய்யும்போது சாகலியேம்மா, தவறி விழுந்ததாத்தானே ரெக்கார்டு இருக்கு என்கிறார்கள். "கயித்தக் கட்டிக்கிட்டா ஒருத்தன் தவறி வுழுவான்?" என்று என்னைக் கேட்கிறார் சின்னம்மா.

மண்டபத்துக்கு நானும் போயிருந்தேன். வாசலில் 'இதயத்தின் அமைப்பு' சார்ட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலே ஆகியும் சிவப்பு மங்கவில்லை. மூலையில் வேறொருத்தன் பெயர், இவன் கையெழுத்தில். சின்னம்மா வீட்டில் அவன் போட்ட படம் ஒன்றுகூட இல்லை, மழையில் எல்லாம் போய்விட்டது. அவருக்காகக் கேட்டேன். "எம் பேருல்ல போட்டிருக்கு" என்றான் வைத்திருப்பவன். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அந்த மண்டபத்தில் அவனுக்காக ரெண்டு நிமிஷம் எழுந்து நின்றவர்களில் ரெண்டு பேர், 2006இல் அந்த லாட்ஜுக்கு எதிர்ச்சாரியில் கடை வைத்திருந்தவர்கள். காண்ட்ராக்டர் மூடியைத் திறக்கச் சொன்னதும் இவன் கயிற்றோடு இறங்கியதும் அவர்கள் கண் முன்னால் நடந்தது. என்னிடம் அவர்களே பல தடவை சொல்லியிருக்கிறார்கள். அதை ஆளுக்கொரு பிரமாணப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மனுவோடு வைக்கலாம் என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே கேட்டேன். ஒருத்தன் சரி என்றான். வக்கீலிடம் போகத் தேதி கேட்டு மூணு தடவை போன் பண்ணிவிட்டேன். இன்னொருத்தன் லாட்ஜ்காரருக்குச் சொந்தம். பழசை எதுக்குக் கிளறணும் என்கிறான்.