காணாமல் போன மேற்கோள்குறிகள்

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகம் சென்ற ஆண்டு ஒரு சிறு மலர் வெளியிட்டது. தோட்டப்புறத்தில் வாழ்ந்த முதியவர்களின் நினைவுகளை அவர்களின் சொற்களிலேயே பதிவு செய்வது நோக்கம். தட்டச்சும் மெய்ப்பும் என் பொறுப்பு.

நண்பர்களில் சிலர் பேட்டிகளைப் புலனம் வழி அனுப்பினார்கள். சிலர் கணினியில் அடித்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்தபோது தலைவலி தொடங்கியது. ஒரு பக்கத்தில் மேற்கோள்குறிகள் வளைந்திருந்தன; அடுத்த பக்கத்தில் நேராக நின்றன. சில இடங்களில் திறக்கும் குறிக்குப் பதிலாக மூடும் குறி வந்திருந்தது. மறுநாள் காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். பொறுமை இழந்து, இரட்டை மேற்கோள்குறிகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் நீக்கினேன். தமிழில்தான் ‘என்று’ இருக்கிறதே, குறி எதற்கு என எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மலர் வெளிவந்த வாரத்தில் ஒரு பாட்டியின் பேத்தி என்னை அழைத்தார். அந்தப் பாட்டி பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். சிறுமியாக இருந்தபோது வீட்டுச் சம்பளத்தில் பணம் குறைந்ததையும், கிராணி பிறகு உண்மையை ஒப்புக்கொண்டதையும் பேட்டியில் சொல்லியிருந்தார். மூலத்தில் இருந்த வரி இது: “நான்தான் அந்தப் பணத்தை எடுத்தேன்” என்று கிராணி அப்பாவிடம் சொன்னார். மலரில் வந்ததோ: நான்தான் அந்தப் பணத்தை எடுத்தேன் என்று கிராணி அப்பாவிடம் சொன்னார்.

பேத்தி வாசித்துக் காட்டியதும் பாட்டி, “நானா எடுத்தேன்?” என்று கேட்டாராம்.

இரண்டு குறிகள் போனதில் ‘நான்’ என்ற சொல் கிராணியிடமிருந்து பாட்டியிடம் மாறிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் குற்றம் சாட்டுபவரானார், பாட்டி திருடியானார். திருத்தச் சீட்டு அச்சிட்டு எல்லாப் படிகளிலும் ஒட்டினோம். மன்னிப்புக் கேட்கப் போனபோது பாட்டி கோபப்படவில்லை. “சரியா இருக்கா, இன்னொரு தடவ வாசி தம்பி” என்று மட்டும் சொன்னார்.

பழைய ஓலைச்சுவடிகளில் மேற்கோள்குறி கிடையாது. இன்று நாம் பயன்படுத்தும் நிறுத்தற்குறிகள் பெரும்பாலும் அச்சுக்கலையோடு தமிழுக்கு வந்தவை. ‘என்று’ என்ற சொல் அந்த வேலையில் பாதியைச் செய்கிறது. பேச்சு எங்கே முடிகிறது என்று காட்டும். எங்கே தொடங்குகிறது, அதில் வரும் ‘நான்’ யார் என்பதை அது காட்டாது. அதற்குத்தான் குறி.

என் தவற்றுக்குப் பிறகுதான் கணினி என்ன செய்கிறது என்று பார்த்தேன். மேற்கோள்குறியை நாம் தட்டும்போது, அதற்கு முன்னால் இருப்பதை வைத்தே மென்பொருள் முடிவெடுக்கிறது. இடைவெளி இருந்தால் திறக்கும் குறி. எழுத்து இருந்தால் மூடும் குறி. அதனால்தான் நீண்ட கோட்டை ஒட்டி மேற்கோளைத் தொடங்கினால் குறி தலைகீழாக வந்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒட்டிய பகுதிகளையோ அது மாற்றுவதில்லை. ஒரே கோப்பில் இரண்டு வகைக் குறிகள் கலப்பது இப்படித்தான்.

வேர்டில் இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், ‘ஆட்டோஃபார்மட் ஏஸ் யூ டைப்’ பக்கத்தைத் திறந்தால் ‘ஸ்மார்ட் கோட்ஸ்’ என்ற தேர்வு இருக்கும். அது இயங்கும்போது, தேடி மாற்றும் பெட்டியின் இரண்டு கட்டங்களிலும் மேற்கோள்குறியையே இட்டு எல்லாவற்றையும் மாற்றினால் குறிகள் அனைத்தும் வளைந்த வடிவுக்கு வந்துவிடும். அன்றிரவு நான் செய்திருக்க வேண்டியது இதுதான். இதற்குப் பிறகும் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மற்றச் சிக்கல்களும் இப்படியே. கேள்வித்தாளில் அடைப்புக்குறிக்குள் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தை அடித்தால் அது பதிப்புரிமைச் சின்னமாகிவிடும். உடனே கண்ட்ரோலையும் இஸட்டையும் அழுத்தினால் கணினி செய்த மாற்றம் மட்டும் நீங்கும். ஆங்கிலக் கட்டுரையில் 1957ஐச் சுருக்கி ’57 என எழுதும்போது குறி எதிர்ப்பக்கம் திரும்பும். குறியை இரண்டு முறை தட்டி முதலாவதை அழித்தால் சரியாகும். கோ. சாரங்கபாணி போன்ற பெயர்களில் முன்னெழுத்து ஒரு வரியிலும் பெயர் மறு வரியிலும் பிரிந்து நிற்காமலிருக்க, கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடைவெளி விடலாம்.

பாமினி எழுத்துருவில் இன்னும் பயிற்சித்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு சொல். அதில் ‘க’வும் ‘கு’வும் ஒரே விசையின் சிறிய, பெரிய எழுத்துகள். வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் வசதி இயங்கினால் ‘கல்வி’ என்று அடித்தது ‘குல்வி’ ஆகிவிடும். அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். முடிந்தால் யுனிகோடுக்கு மாறுங்கள்.

நம்மில் பலர் பள்ளியிலேயே கணினி கற்றோம். ஆனால் தமிழைக் கணினியில் பிழையின்றி அடிக்க யாரும் நமக்கு முறையாகச் சொல்லித் தந்ததில்லை. தமிழ்க் கழகங்கள் பேச்சுப் போட்டிக்கும் கலைநிகழ்ச்சிக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குக் கற்றுத் தரலாம்.

எங்கள் கழகத்தில் இப்போது ஒரு விதி உண்டு. பேட்டி கொடுத்தவருக்கு அவருடைய பக்கத்தை வாசித்துக் காட்டிய பிறகே கோப்பு அச்சகத்துக்குப் போகும். அடுத்த மலருக்கான முதல் வாசிப்பை அந்தப் பாட்டியின் வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறோம்.