நடுவிற் கருகலும் ஓரத்திற் பச்சையும்

தோசைக்கல்லில் நடுக் கருகி ஓரம் வேகாத தோசையை அறியாத இல்லம் இராது. அதே இடர்ப்பாடு சென்ற ஆண்டு எமது விஞ்ஞான அறையிலும் நேர்ந்தது.

பார்வையற்ற மாணவன் ஒருவன் எம்மிடம் பயில்கின்றான். அவன் விரலால் தடவி அறிதற்கு இலங்கைப் படமொன்று ஆக்க எண்ணினோம். மரத்திற் செதுக்கிய அச்சில் நுண்டுளைகள் இட்டோம். சட்டத்திற் பூட்டிய பொலிஸ்ரைறீன் தகட்டை மின்வெப்பக் கம்பிகளின் கீழ் இளக்கி, அச்சின்மேல் இறக்கி, அடியிலுள்ள காற்றைத் தூசுறிஞ்சியால் இழுத்தோம். அவ்வாறு இழுத்தால் வளிமண்டல அமுக்கமே தகட்டை அச்சோடு படியச் செய்யும்.

மலைநாட்டிலே தகடு மெலிந்து கிழிந்தது. வடக்கோ உருவமற்ற மேடாய் நின்றது. தடவிப் பார்த்த மாணவன், "சேர், யாழ்ப்பாணத்தைக் காணேல்லையே!" என்றான்.

சூட்டைக் கூட்டுவோம் என்றனர் ஏனையோர். யானும் இசைந்தேன், புகைதான் கிடைத்தது. பௌதிகம் கற்பிப்பவன் இசைந்திருக்கலாகாது. தகட்டின் நடு, எல்லாப் பக்கத்துக் கம்பிகளிலிருந்தும் கதிர்வீச்சைப் பெறுகின்றது. ஓரத்துக்குக் கிடைப்பது ஏறக்குறையப் பாதியே. அதிலும் ஒரு பங்கை இரும்புச் சட்டம் கவர்ந்துகொள்கின்றது. நடுவிலுள்ள வெப்பம் தானே பரவுமெனக் காத்திருப்பதும் வீண். வெப்பங் கடத்துவதிற் செம்பு இப்பொருளிலும் ஏறத்தாழ 2000 மடங்கு சிறந்தது.

எவ்விடம் எவ்வளவு சூடேறுகின்றது என்பதை அறிய மாணவியொருத்தி எளிய வழி கண்டாள். கடைகளில் தரும் வெப்பத்தாட் பற்றுச்சீட்டுகளைச் சட்டத்தில் நடுவிலும் மூலைகளிலும் பரப்பினாள். அவை சூடுபட்டாற் கறுப்பன. நடுச் சீட்டு முற்றாகக் கறுத்தபோதும் மூலைச் சீட்டுகள் வெளுப்பாகவே இருந்தன. வேறு கருவி எதற்கு?

பின்னர் ஓரக் கம்பிகளை நெருக்கி அமைத்து, நடுவுக்கு நேரே கம்பிவலைத் துண்டொன்றைத் திரையாகத் தொங்கவிட்டோம். சட்டத்தை முன்னரே சூடாக்கினோம், யன்னல்களையும் அடைத்தோம். பொலிஸ்ரைறீன் ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் இளகத் தொடங்கினும், அச்சிற் செவ்வனே படிய 150 பாகையளவு வேண்டும். வெப்பமானி இன்றியும் இதனை அறியலாம். தகடு முதலில் நெளியும், பின்பு விறைத்து நேராகும், அதன்பின் தொய்யும். ஒருபுறம் மாத்திரம் தொய்ந்தால் வெப்பம் சமனன்று.

இம்முறை அவன் விரல் ஆனையிறவைக் கடந்து பருத்தித்துறை வரை சென்றது. நெடுந்தீவு மட்டும் இன்னுந் தெளிவில்லை. அம்மூலைக்கு மேலுமொரு கம்பி வேண்டும்.