அஞ்சலியோடு முடியாத கடமை

ஆண்டுதோறும் நவம்பர் நடுவில் ஒரு மாலை, எல் சால்வடோர் நாட்டின் சான் சால்வடோரில் உள்ள மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் வண்ண உப்பால் தரையை ஓவியமாக்குகிறார்கள். இருட்டியதும் விளக்கேந்திய ஊர்வலம், பிறகு திருப்பலி. 1989 நவம்பர் 16 அதிகாலையில் அதே வளாகத்தில் ராணுவம் சுட்டுக்கொன்ற எட்டுப் பேருக்கான நினைவேந்தல் இது. இயேசு சபைக் குருக்கள் ஆறு பேர், எல்பா ராமோஸ், அவர் மகள் செலினா.

குருக்களை மறைசாட்சிகளாக வணங்குவது சரியே. வணக்கத்தோடு நின்றுவிட்டால், ஏன் கொன்றார்கள் என்பது மறைந்துபோகிறது. அந்தக் குருக்களில், பல்கலைக்கழகத் தலைவர் இக்னாசியோ எல்லாகுரியா, உள்நாட்டுப் போரைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். மார்ட்டின் பாரோ 1986இல் கருத்துக்கணிப்பு மையம் தொடங்கி, மக்களின் மனநிலையைக் கேட்டுப் பதிவுசெய்தார். செகுண்டோ மோன்தேஸ் அகதிகளின் நிலையை ஆராய்ந்தார். மூன்றுமே பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலைகள்தாம். ராணுவத் தலைமையால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எல்லாகுரியாவைக் கொல்லுங்கள், சாட்சி யாரையும் விட்டுவைக்காதீர்கள் என்று உத்தரவு போனதை ஐ.நா. உண்மை ஆணையம் 1993இல் வெளிப்படுத்தியது.

அந்த உத்தரவின் பின்பாதிக்குப் பலியானவர்கள் எல்பாவும் செலினாவும். எல்பா சமையல் வேலை செய்தவர். நகரில் சண்டை மூண்டதால், பாதுகாப்பு தேடி இருவரும் அங்கே தங்கியிருந்தார்கள். ஆனாலும் அஞ்சலி உரைகள் பலவற்றில் அவர்கள் பெயரற்ற ‘பணிப்பெண்ணும் மகளும்’தான். நீதியும் அவர்களை எட்டவில்லை. 2020இல் ஸ்பெயின் நீதிமன்றம் முன்னாள் கர்னல் மோன்தானோவுக்கு 133 ஆண்டு சிறை விதித்தது. அது ஸ்பெயினில் பிறந்த ஐந்து குருக்களின் கொலைக்கு மட்டுமே. எல்பா, செலினா, எல் சால்வடோரைச் சேர்ந்த குரு லோபெஸ் ஆகியோரின் கொலைகளுக்குத் தண்டனை விதிக்க, மோன்தானோவை அமெரிக்கா ஒப்படைத்தபோது வைத்த வரம்பு இடம்தரவில்லை. எல் சால்வடோரிலோ, 1991இல் தண்டிக்கப்பட்ட இரண்டு அதிகாரிகளையும் 1993ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டம் வெளியே விட்டது. 2016இல்தான் அச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது.

கொலைசெய்த அட்லகாட்ல் படைக்குப் பயிற்சி அளித்தது அமெரிக்கா. அதனால்தான் அந்நாட்டு இயேசு சபைக் கல்லூரி மாணவர்கள், லத்தீன் அமெரிக்க ராணுவத்தினருக்குப் பயிற்சிப் பள்ளி இருந்த ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங் வாயிலில் நவம்பர்தோறும் திரண்டார்கள். அங்கே நினைவேந்தல் தம் சொந்த அரசைக் கேள்வி கேட்டது. அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம் வளாகங்களில் ஸ்டேன் சுவாமிக்கு அஞ்சலி செலுத்துவோருக்கும் அந்தத் துணிவு வேண்டும். திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு அவர். ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக வாடிய ஆதிவாசிகளைப் பற்றி ஆய்வறிக்கை தந்தவர், 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவர் படத்துக்கு மாலையிடும் கல்லூரி அந்த அறிக்கையை வகுப்பில் வைக்கட்டும். சமூகவியல் மாணவர்களை அருகிலுள்ள சிறைக்கு அனுப்பி, ஜாமீன் கிடைத்தும் பிணையாளர் இல்லாமல் உள்ளே இருப்பவர்களைப் பற்றி எழுதச் சொல்லட்டும்.