ஆக்சில் உடைவது வீரம் அல்ல

என் கைபேசியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. கழன்றுபோன ஜிப்சி சக்கரத்தை ரோட்டோரம் நிறுத்தி, டிரம்முக்கு நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் உடைந்த ஆக்சில் முனையைச் சுட்டிக்காட்டி, வேட்டையாடியவன் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறேன். வண்டி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டதும் இதயங்கள் குவிந்தன. "செம பாஸ்", "இப்பதான் நீ ஒரிஜினல் ஆஃப்ரோடர்", "ஆக்சில் உடைக்காதவன் எல்லாம் ஓட்டுநரே இல்ல". படத்துக்கு வெளியே இருபதடி தள்ளி ஒரு டீக்கடை பெஞ்சு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதை நான் படமெடுக்கவில்லை.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்து, காரவள்ளி தாண்டி, நல்ல தார் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் என் மாமா பையன். பின்பக்கம் "டொக்" என்று ஒரு சத்தம். வண்டி இடப்பக்கம் சரிந்து தரையை உரசியது. எங்களைத் தாண்டி எங்கள் சக்கரமே முன்னால் ஓடியது. டயர், ரிம், டிரம் எல்லாம் சேர்த்து முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அது நேராகப் போய் டீக்கடை பெஞ்சில் மோதியது. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, வடை வாங்குவதற்காக அப்போதுதான் எழுந்து அடுப்புப் பக்கம் போயிருந்தார்.

இந்தக் கட்டுரை அந்த வடையைப் பற்றியதுதான். நம் வண்டி மாற்றும் கலாச்சாரத்தின் பாதுகாப்பு ஏற்பாடு இன்றைக்கு ஒரு வடையில் தொங்குகிறது என்பது என் குற்றச்சாட்டு. முதல் குற்றவாளி நான்.

*

மாருதி ஜிப்சி 1985இல் வந்தது. முதலில் 970 சிசி எஞ்சின், பிறகு தொண்ணூறுகளில் 1.3 லிட்டர். 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. ராணுவம், போலீஸ், காட்டிலாகா, ராலி ஓட்டுநர்கள் என்று அதை அடித்து ஓட்டாத ஆளில்லை. எடை ஒரு டன்னைச் சுற்றித்தான். அதன் சொந்தக்காரனான சுசூகி சாமுராய் 2007இல் சிலி நாட்டில் ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில் 6,688 மீட்டர் உயரம் வரைக்கும் ஏறியது. அதுவும் மாற்றியமைக்கப்பட்ட வண்டிதான். ஆகவே வண்டியை மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. எப்படி மாற்றுகிறோம் என்பதுதான் சண்டை.

ஜிப்சி வைத்திருக்கும் எவரிடமும் கேளுங்கள், பலவீனங்களின் பட்டியல் மனப்பாடமாக வரும். முன் ஆக்சிலில் சக்கரத்தைத் திருப்பவும் சுழற்றவும் செய்கிற பிர்ஃபீல்டு ஜாயின்ட் உடையும். கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ரப்பர் மவுண்ட் கிழியும். பின் ஆக்சில் முறியும். பட்டியல் முடிந்ததும் ஒரு பெருமூச்சோடு தீர்ப்பும் வரும்: "கம்பெனிக்காரன் காசு மிச்சம் புடிக்க வீக்கா போட்டுட்டான் பாஸ்."

இந்தத் தீர்ப்பு பொய். கம்பெனிக்காரன் போட்டது, அவன் கொடுத்த டயருக்கு. அந்த டயரின் விட்டம் 27 அங்குலத்தைச் சுற்றி. நாம் முதல் சம்பள உயர்வு வந்ததும் செய்கிற முதல் வேலை என்ன? 31 அங்குல மட் டயர். ஏன்? பார்க்க நன்றாக இருக்கும். நான் அதற்குத்தான் போட்டேன். மற்ற காரணங்களை எல்லாம் பிறகு கண்டுபிடித்தேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சக்கரம் எப்போது வழுக்கும்? டயருக்கும் தரைக்கும் உள்ள பிடியைத் தாண்டி ஆக்சில் திருகும்போது. டயரின் ஆரம் கூடினால், அதே பிடியைத் தாண்ட ஆக்சில் அதிகமாகத் திருக வேண்டும். 27 போய் 31 வந்தால் சுமார் 15 சதவீதம் அதிகம். மட் டயரின் பிடியும் கூடுதல் என்றால் இன்னும் மேலே. அதாவது, வழுக்குவதுதான் அந்த வண்டியின் ஃப்யூஸ். ஆக்சில் முறிவதற்கு முன்னால் டயர் வழுக்கி அதைக் காப்பாற்றும். நாம் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கட்டுக்கம்பியைச் சொருகினோம். வீட்டு வயர் எரிந்ததும் வயர்க் கம்பெனியைத் திட்டுகிறோம்.

அத்தோடு நிற்குமா? பெரிய டயர் போட்டதும் வண்டி இழுக்காது. 103 நியூட்டன் மீட்டர் எஞ்சின் மூச்சு வாங்கும். உடனே டிரான்ஸ்ஃபர் கேஸில் பல்சக்கரம் மாற்றுகிறோம். லோவில் 2.268 விகிதம் இருந்த இடத்தில் 4.16. எஞ்சினிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் திருகுவிசை ஒரே நாளில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. பிறகு ஒரு சக்கரம் காற்றில் சுழல்கிறதே என்று டிஃபரன்ஷியலை வெல்டு அடிக்கிறோம். இனி தரையைப் பிடித்திருக்கும் ஒற்றைச் சக்கரத்தின் ஆக்சில் மொத்தத்தையும் தாங்க வேண்டும். பாறையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டரை அழுத்துகிறோம். பிர்ஃபீல்டு மிகவும் பலவீனமாக இருக்கிற கோணம் அதுதான். உடைகிறது. "வீக் பார்ட் பாஸ்."

சரி, விலை கொடுத்துக் குரோம்மாலி ஆக்சில் போடுகிறோம். இப்போது எது உடையும்? கிரவுனும் பினியனும். முன்னே உடைந்தது மலையடிவாரத்தில் இரண்டு மணி நேரத்தில் மாற்றக்கூடிய சாமான். இப்போது உடைவது வண்டியைக் கட்டி இழுத்துவர வேண்டிய சாமான். அலுவலகத்தில் ஒரு சர்வரின் நெரிசலைத் தீர்த்தால் அது அடுத்த சர்வரில் போய் உட்காரும் என்று ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். சனிக்கிழமை காலையில் அதெல்லாம் மறந்துவிடுகிறது.

*

நாமக்கல்லில் லாரி ஆக்சில் வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்குத்தான் வண்டியை இழுத்துப் போனேன். அங்கிருந்த அண்ணன் உடைந்த முனையைத் துணியால் துடைத்து, வெயிலில் பிடித்துக் காட்டினார்.

"இங்க பாருங்க தம்பி. இந்தப் பக்கம் கருத்துப்போயி வழவழன்னு இருக்குதுங்களா? இது பழைய விரிசலுங்க. இந்தக் கொஞ்சூண்டு இடம் மட்டும் பளபளன்னு சொரசொரப்பா இருக்குது பாருங்க, இதுதான் நேத்து உடைஞ்சது. இது ரொம்ப நாளா உடைஞ்சிட்டுதான் இருந்திருக்குது. நீங்கதான் பாக்கல."

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளுக்கு வந்தவன். உலோகக் களைப்பு என்பது எனக்குப் பரீட்சையில் பதிமூன்று மார்க் கேள்வி. படமெல்லாம் வரைந்து எழுதியிருக்கிறேன். அந்தப் படத்தை நேரில் பார்க்க ஒரு டீக்கடை பெஞ்சு உடைய வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். ஜிப்சியின் பின் ஆக்சில், சுழற்றுகிற வேலையோடு வண்டியின் எடையைத் தாங்குகிற வேலையையும் செய்கிறது. பழைய சீரிஸ் லேண்ட் ரோவரிலும் பின் ஆக்சில் அடிக்கடி முறியும்; அதற்குப் பேர்போனது. ஆனால் அதில் எடையைத் தாங்குவது வேறு குழாய். ஆக்சில் முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே இருக்கும். ஆறு போல்ட்டைக் கழற்றி, உடைந்ததை உருவி, புதியதைச் சொருகிப் போய்க்கொண்டே இருக்கலாம். அங்கே ஆக்சில் உடைந்தால் ஒரு கதை கிடைக்கும். ஜிப்சியில் பேரிங்குக்கு வெளியே முறிந்தால் சக்கரமே போய்விடும். ஒரு வண்டியில் சொன்ன வீரக்கதையை இன்னொரு வண்டிக்குக் கடன் வாங்கக் கூடாது.

அதுவும் போதாதென்று, வண்டி அகலமாகத் தெரிய வேண்டுமென்று சக்கரத்துக்கும் டிரம்முக்கும் நடுவில் ஸ்பேசர் போட்டிருந்தேன். எடை பேரிங்கிலிருந்து இன்னும் தள்ளி உட்கார்ந்து, ஆக்சிலை இன்னும் வளைத்தது. 31 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு நானூறு முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சில் ஒருமுறை அப்படியும் ஒருமுறை இப்படியும் வளையும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு நாற்பது லட்சம் முறை. பாறையில் உடையவில்லை, காட்டில் உடையவில்லை. நான் ஆஃபீஸுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் ஸ்டைலாகப் போய்வந்த நாட்களில் அது உடைந்துகொண்டிருந்தது.

*

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

எனக்கு இந்தச் சட்டத்தோடும் சண்டை இருக்கிறது. குரோம்மாலி ஆக்சில் போட்டு வண்டியைப் பலப்படுத்துகிறவனும், ஸ்பேசர் போட்டு டீக்கடையை உடைக்கிறவனும் இங்கே கிட்டத்தட்ட ஒரே தராசில் நிற்கிறார்கள். ஜெர்மனியில் வண்டியை மாற்றினால் அங்கீகாரம் பெற்ற நிபுணரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் பார்த்துச் சரி என்றால் அந்த மாற்றம் வண்டியின் ஆவணத்திலேயே ஏறும். இங்கே எதைக் காட்டினாலும் தப்பு என்பதால் யாரும் எதையும் காட்டுவதில்லை. சட்டம் கூடாது என்கிறது, தெரு எல்லாம் சரி என்கிறது. நடுவில் அளந்து பார்க்க ஒருவரும் இல்லை. எனவே சோதித்து அனுமதிக்கும் முறை வேண்டும் என்று கேட்பது நியாயம்.

ஆனால் அதைக் கேட்கிற தகுதி நமக்கு இருக்கிறதா? "என் வண்டி, என் காசு, என் உரிமை" என்று மூன்று என் போட்டுப் பேசுகிறோம். சக்கரம் கழன்று ஓடியபோது அது என் உரிமையில் ஓடவில்லை, பாட்டியின் பெஞ்சை நோக்கி ஓடியது. டயரை மாற்றியவர்களில் எத்தனை பேர் பிரேக்கை யோசித்தோம்? அதே மிதிக்கு இப்போது 13 சதவீதம் குறைவாகத்தான் பிடிக்கும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 69இல் போகும். இதைச் சரி செய்யாமல் ரோட்டில் ஏறுகிறவன் சோதனைச்சாலை கேட்டால், முதல் நாளே அங்கே தோற்பவன் அவன்தான்.

*

"அப்போ ஸ்டாக் வண்டியையே ஓட்டிட்டு சாகணுமா?" என்று கேட்பீர்கள். கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போயிருக்கிறீர்களா? நான் போன ஜீப், பட்டைச் சுருள் போட்ட பழைய மஹிந்திரா. ஒல்லியான டயர், லிஃப்ட் கிட் கிடையாது, லாக்கர் கிடையாது. ஓட்டியவர் என் வயதுக்காரர். குலுக்கலில் என் முதுகெலும்பை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கேயும் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாய்ச்சவில்லை. எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்று பார்த்து, சின்ன கியரில், கல்லுக்குக் கல் நகர்த்தினார். ஆக்சில் உடைந்தால் அவருக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் உடைக்காமல் ஓட்டுவதுதான் அவருக்குத் திறமை. உடைத்தால் படம் போட்டு இதயம் வாங்கும் வசதி நமக்கு மட்டும்தான். மாதச் சம்பளம் வரும்வரை உடைவது சாகசம்.

என் வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஸ்பேசரைக் கழற்றி எடைக்குப் போட்டேன். டயர் ஓர் அங்குலம் மட்டும் பெரிது. ஆக்சில் இரண்டும் புதிது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆக்சிலை உருவி விரிசல் தேடுகிறேன். கரடுமுரடில் இறங்கும் முன் டயரில் காற்றைப் பதினெட்டுக்குக் குறைக்கிறேன். செலவில்லாத இந்த ஒரு வேலை, நான் ஆயிரக்கணக்கில் கொட்டிய பல சாமான்களைவிட அதிகமாக ஏற வைக்கிறது. திரும்பி ரோட்டுக்கு வரும்போது காற்றை மறுபடி அடிக்கிறேன். பார்க்க வண்டி சாதாரணமாகத்தான் இருக்கிறது. சிக்னலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்குப் பழக எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

டீக்கடைக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்தேன். பாட்டி என்னைத் திட்டவில்லை. "வண்டில யாருக்கும் ஒண்ணும் ஆகலியே சாமி?" என்றுதான் கேட்டார். ஆகவில்லை என்றேன். அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் யோசித்த மாதிரியே தெரியவில்லை. நான்தான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழிக்க இப்போது வழியில்லை. ஆனால் இனிமேல் யாராவது உடைந்த ஆக்சிலோடு சிரித்துக்கொண்டு படம் போட்டால் நான் இதயம் போடுவதாக இல்லை. எந்த ரோட்டில் உடைந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்பேன்.