மாட்டு நாட்டில் ஒரு மெக்கானிக்

அமெரிக்கத் தேர்தல் என்றதும் நமக்கு ஜனாதிபதி முகங்களைத்தான் காட்டுகிறார்கள். 2024 நவம்பர் 5ந் தேதி நெப்ராஸ்கா ராஜ்யத்தில் நடந்த செனட் தேர்தலையும் சற்றுப் பாருங்கள்.

சோளமும் மாடும் நிறைந்த ராஜ்யம் அது. ஜனங்கள் சுமார் 20 லட்சம். மாடுகளின் தொகை அதைவிட மிக அதிகம். குடியரசுக் கட்சி கட்டுத்தறியை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்ற இடம். 2013 முதல் செனட்டில் இருந்துவரும் அக்கட்சியின் டெப் ஃபிஷர் அம்மையாரை எதிர்த்து, டான் ஆஸ்பார்ன் என்ற மெக்கானிக் சுயேச்சையாக நின்றார். ஜனநாயகக் கட்சி அபேட்சகரே போடவில்லை.

யார் இந்த ஆஸ்பார்ன்? ஒமாஹா நகரில் கெல்லாக் கம்பெனியின் தானிய உணவு ஆலைத் தொழிலாளி. அங்கே சங்கத் தலைவர். 2021 அக்டோபரில் அக்கம்பெனியின் 4 ஆலைகளில் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே பழைய ஆளுக்கு ஒரு கூலி, புதிதாகச் சேர்ந்தவனுக்குக் குறைந்த கூலி. எந்திரம் ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான்! குறைந்த கூலிக்காரர்கள் 100க்கு 30 பேருக்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பையும் எடுத்துவிடப் பார்த்தது நிர்வாகம். அப்பன் வாங்கிய கூலி மகனுக்குக் கிடையாது என்பதுதான் இதன் அர்த்தம். டிசம்பரில், உங்களுக்குப் பதில் நிரந்தரமாகவே வேறு ஆள் எடுப்போம் என்று மிரட்டியது. தொழிலாளிகள் அசையவில்லை. 11 வாரம் நின்று ஒப்பந்தம் கண்டார்கள். 2023ல் ஆஸ்பார்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். கம்பெனி வேறு காரணம் சொன்னது. இது பழிவாங்கல் என்றார் அவர்.

அப்படிப்பட்டவருக்குத்தான் 100க்கு 46 ஓட்டுக்கு மேல் கிடைத்தது. ஃபிஷருக்கு 53. அதே நாளில் அங்கே டிரம்ப் பெற்றது 59, கமலா ஹாரிஸ் 39. அதாவது, டிரம்புக்குக் குத்திய ஆயிரக்கணக்கானோர் மெக்கானிக்குக்கும் குத்தியிருக்கிறார்கள். வெளியூர்ப் பணம் இரு தரப்பிலும் கோடிக்கணக்கில் இறங்கியது. ஆஸ்பார்ன் பக்கமும் வந்தது, மறைப்பானேன்?

ஏன் தோற்றார்? கட்சிப் பழக்கம் ஒன்று. அவர் செய்த தவறும் ஒன்று உண்டு என்பேன். எல்லைச் சுவர் விஷயத்தில் டிரம்ப் பக்கமே சாய்ந்து பிரச்சாரம் செய்தார். நெப்ராஸ்காவின் இறைச்சி ஆலைகளில் கத்தி பிடித்து நிற்பவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்த கூலிகள். பழைய ஆள், புது ஆள் என்று பிரிக்காதே என முதலாளியிடம் போராடியவர், உள்ளூரான், வந்தேறி என்ற பிரிவினைக்கு இடம் கொடுத்தது சரியல்ல.

அதே நாளில் இன்னொரு ஓட்டும் நடந்தது. தொழிலாளிக்குச் சம்பளத்துடன் நோய் விடுமுறை வேண்டுமா என்று ஜனங்களையே கேட்டார்கள். 100க்கு 74 பேர் வேண்டும் என்றார்கள். 2025ல் அந்த ராஜ்யத்தின் சட்டசபை கூடி, 10 பேருக்கு மேற்படாத ஸ்தாபனங்களில் வேலை செய்வோரையும், பருவகால விவசாயக் கூலிகளையும் அந்த உரிமையிலிருந்து வெட்டி எறிந்தது.