நாடி வரும் பூனை யாருடையது?

வாயில்லா உயிர்களிடத்து அன்பு காட்டுதல் வேண்டும் என்பதை நம் மாணவச் செல்வங்கள் முதலாம் ஆண்டிலேயே கற்றுக்கொள்கின்றனர். முல்லைக்குத் தேரீந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் அறியாத தமிழ்ப்பள்ளி மாணவர் இலர் எனலாம். ஆதலால், ஒரு பூனை பள்ளி வளாகத்தினுள் நுழைந்து, காலைச் சுற்றிச் சுற்றி வந்து உடலை உரசுமாயின், அதற்கு உண்ணக் கொடுக்க வேண்டும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தத்தம் உணவில் பாதியை அவர்களே எடுத்து வைத்துவிடுவர்.

நான் இங்கு எழுத விரும்புவது அவ்வன்பைப் பற்றியன்று. அன்பு காட்டத் தொடங்கும்போதே கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வியைப் பற்றியது. அதனைக் கேளாமல் விட்டவர்களுள் நானும் ஒருவன். ஆதலின் என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2019ஆம் ஆண்டில், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் ஒரு பூனை வந்து சேர்ந்தது. செம்மஞ்சள் நிறம், மார்பு மட்டும் வெள்ளை, வால் பாதி நீளமே இருந்தது, நுனியில் ஒரு முடிச்சு. கூப்பிட்டால் வரும். மடியில் ஏறி அமரும். நான்காம் ஆண்டு மாணவர்கள் அதற்கு 'மணி' என்று பெயரிட்டனர். யாரோ கொடியவர் அதன் வாலை ஒடித்து விரட்டிவிட்டனர் என்று ஒருவன் சொல்ல, மற்றவரும் நம்பினர். நானும் நம்பினேன். நாள்தோறும் பால் வைக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் பூனை இளைத்துப் போயிற்று. பாவம், அநாதைப் பூனை, வெளியில் கிடந்து வாடுகிறது என்று அனைவரும் பேசிக்கொண்டோம்.

அச்சமயம் மாணவன் ஒருவனின் குடும்பம் தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. அவன் பூனையைத் தன்னுடன் கொண்டுசெல்ல விரும்பினான். அவனுடைய பெற்றோரும் இசைந்தனர். நான் மனமகிழ்ந்து, திங்கட்கிழமைச் சபைகூடலில் அவனுடைய நற்குணத்தைப் பாராட்டிப் பேசினேன். மாணவர்கள் கைதட்டினர்.

ஒன்பது நாள்கள் கழித்து, கீழ் டிவிஷனில் தனித்து வாழும் ஒரு பாட்டி பள்ளிக்கு வந்தார். நாற்பதாண்டுக் காலம் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். "எங்க ராசா இங்க வந்துச்சாமே ஐயா, பிள்ளைங்க சொன்னாங்க" என்றார். மகளின் பேறுகாலத்திற்காக வெளியூர் சென்றவர், பூனைக்குச் சோறு வைக்கும்படி அடுத்த வீட்டில் சொல்லிச் சென்றிருக்கிறார். ஆளில்லாத வீட்டில் பூனை தங்கவில்லை. அப்பூனை, இறந்துபோன அவருடைய கணவர் குட்டியாக எடுத்து வளர்த்தது. அவருடைய வீட்டிற்கும் நம் பள்ளிக்கும் இடையே இருந்த தொலைவு, பழைய பால் கொட்டகையைக் கடந்தால் நானூறு மீட்டர்கூட இராது.

உடனே அக்குடும்பத்திற்குத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டாம் நாள் இரவே அடுக்களைச் சன்னல் வழியாகப் பூனை போய்விட்டது என்றனர். பையன் அழுவான் என்று எங்களுக்குச் சொல்லவில்லையாம். இரண்டு சனிக்கிழமைகள் அங்குச் சென்று, கட்டடத்தின் கீழும் கடைகளின் பின்புறமும் தேடினோம். கிடைக்கவில்லை. பாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் கண்டவை யாவும் உண்மை. அவற்றுக்கு நாங்கள் கொண்ட பொருள்தான் பிழை. முதலாவதாக அந்த வால். நம் நாட்டுப் பூனைகள் பலவற்றுக்கு வால் பிறவியிலேயே குட்டையாகவும் கோணியும் முடிச்சு விழுந்தும் இருக்கும். சார்லஸ் டார்வின் 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், மலாயாத் தீவுக்கூட்டம், சயாம், பர்மா ஆகிய இடங்களின் பூனைகளுக்கு இத்தகைய வால் இருப்பதைக் குறிப்பிட்டுள்ளார். எவரும் ஒடித்ததன்று. இரண்டாவதாக, அதன் மெலிவு. வளர்ந்த பூனைகளுள் பெரும்பாலானவற்றுக்கு மாட்டுப்பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். அப்பூனையை இளைக்க வைத்தவர்கள் நாங்களே! பூனை என்றால் பால் என்பது படப்புத்தகங்கள் நமக்குக் கற்பித்த பாடம். உண்மையில் அதற்கு வேண்டியது தண்ணீரும், மசாலை சேராத அவித்த மீன் அல்லது கோழியும். குழம்புச் சோறு கூடாது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். பெனடோல் போன்ற காய்ச்சல் மாத்திரையைப் பொடித்து ஊட்டுவோரும் இருக்கின்றனர். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதைப் பெற்றோர் அருள்கூர்ந்து நினைவிற் கொள்க.

மூன்றாவது பிழையே பெரிது. மடியில் வந்து அமர்ந்ததால் 'யாருமற்ற பூனை' என்று எண்ணினோம். நேர்மாறாக எண்ணியிருக்க வேண்டும். பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்பது, பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையிலான சிறு காலத்தில்தான். அக்காலத்தில் மனிதரின் கை படாமல் வளர்ந்த பூனை பெரும்பாலும் நம்மைக் கண்டதும் ஓடும். பழக்கமில்லாத நம்மிடம் அஞ்சாது வந்து உரசும் பூனை, முன்னரே யாரோ ஒருவரின் கையை அறிந்த பூனையாகும். அந்த 'யாரோ' இன்னும் இருக்கலாம், தேடிக்கொண்டும் இருக்கலாம். எவ்வளவுக்கெவ்வளவு ஒரு பூனை நம்மிடம் அன்பாக இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு நாம் தயங்க வேண்டும் என்பதே என் கருத்து.

"தோட்டத்தில் மனிதருக்கே ஆயிரம் தொல்லை, பூனைக்காக வீடு வீடாகச் சென்று கேட்பதா?" என்று சிலர் நகைக்கலாம். கேட்பதற்குக் காசு வேண்டியதில்லையே! நெடுந்தூரம் நடக்கவும் வேண்டியதில்லை. காணாமற்போய்ப் பின்னர் கண்டெடுக்கப்பட்ட பூனைகளுள் நான்கில் மூன்று பங்கு, அவை தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளாகவே கிடைத்தன என்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. நம் தோட்டத்தில் ஐந்நூறு மீட்டர் என்பது இரண்டு வரிசை லயங்கள், கோயில், கடை, அவ்வளவே. வேலைக்கு வந்துள்ள வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதியையும், வேலிக்கு அப்பாலுள்ள கம்பத்தையும் விட்டுவிடக் கூடாது. நாம் கேட்கும்போது நம்மவர் வீடுகளோடு நின்றுவிடும் பழக்கம் நமக்கு உண்டு. பூனைக்கு அப்பழக்கம் இல்லை.

பூனையையே கேட்டு அனுப்பும் வழியொன்றும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை பள்ளிக்கு வரத் தொடங்கியபோது இதனைச் செய்து பார்த்தோம். ஒரு விரல் அகலத்தில் காகிதத்தை நறுக்கி, "இப்பூனைக்கு வீடு உண்டா? உண்டெனில் பின்புறத்தில் எழுதி அனுப்புக" என்று மலாய்மொழியிலும் தமிழிலும் மாணவர்கள் எழுதினர். அதைக் கழுத்தில் தளர்வாகச் சுற்றி, முனைகளைப் பசையால் ஒட்டினோம். நூலோ கயிறோ கட்டலாகாது; கிளையில் சிக்கினால் காகிதம் கிழிந்துவிடும், கயிறு கழுத்தை இறுக்கும். மூன்றாம் நாள் பூனை வேறொரு காகிதத்துடன் வந்தது. கம்பத்து மலாய்க் குடும்பம் ஒன்று எழுதியிருந்தது: அது அவர்களுடைய பூனை, பெயர் சோமோட், ஒரு மாதமாக வீட்டில் உணவைத் தொடுவதில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தனர், காரணம் இப்போது விளங்கிற்று, அருள்கூர்ந்து குறைத்துக் கொடுக்கவும். மாணவர்கள் சிரித்த சிரிப்பில் அன்று கணிதப் பாடம் நடக்கவில்லை.

விசாரித்தும் எவரும் உரிமை கோராவிடில் என்ன செய்வது? காதைப் பார்க்க வேண்டும். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், அது கருத்தடை செய்து மீண்டும் விடப்பட்ட பூனை. எவரோ அதனைக் கவனித்து வருகின்றனர் என்று கொள்ளலாம். விலங்கு மருத்துவரிடம் கொண்டுசென்றால், தோலின் கீழ் அரிசிமணி அளவிலான மைக்ரோசிப் உள்ளதா என்று கருவியால் பார்த்துச் சொல்வார். அண்டை நாடாம் சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்கப் பல்லாண்டு காலம் தடை இருந்தது. 2024 செப்டம்பர் முதல் வீட்டிற்கு இரண்டு பூனைகள் வரை அனுமதித்து, மைக்ரோசிப்பும் உரிமமும் வேண்டும் என்று விதித்துள்ளனர். நம் தோட்டத்துப் பூனைகளுக்குச் சிப் ஏது என்று கேட்டால் நியாயமே. இருப்பினும் நகரத்திலிருந்து வந்த பூனையாகவும் அது இருக்கலாமன்றோ?

எவருக்கும் உரியதன்று எனத் தெளிந்த பின்னரே, வளர்க்க விரும்பும் வீடு அதனை ஏற்க வேண்டும். ஏற்றபின் மூன்று வாரமேனும் வீட்டினுள் அடைத்துப் பழக்க வேண்டும். இல்லையேல் பழைய இடத்தைத் தேடிப் புறப்பட்டுவிடும். நாங்கள் அந்தப் பையனுக்கு இதனைச் சொல்லவில்லை. எங்களுக்கே அன்று தெரியாது. கருத்தடையும் செய்துவிட வேண்டும். பெட்டைப் பூனை ஐந்தாம் மாதத்திலேயே கருவுறக்கூடும், இரண்டு மாதத்தில் குட்டி ஈனும். செம்பனைத் தோப்பில் எலி மருந்து வைக்கும் நாள்களில் பூனையை வெளியில் விடலாகாது. மருந்து தின்ற எலியை உண்டால் நஞ்சு பூனைக்கும் ஏறும். சிறுவர்களுக்கு ஒன்று: பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ மறைக்காதீர்கள். ஓடும் நீரில் சவர்க்காரம் இட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, பெற்றோரிடமும் கிளினிக்கிலும் சொல்ல வேண்டும். சரவாக்கில் 2017ஆம் ஆண்டில் வெறிநாய்க்கடி நோய் தோன்றி உயிர்களைப் பலிகொண்டது. அந்நோய் பூனை வழியாகவும் வரக்கூடும்.

பெற்றோரிடம் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பள்ளி வாசலில் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போகின்றனர். கோயிலில் விட்டால் புண்ணியம், சந்தையில் விட்டால் மீன் கிடைக்கும் என்று சமாதானம் சொல்கின்றனர். பால் மறவாத குட்டி மீனை என்ன செய்யும்? விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இடந்தருகிறது. சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவது என் நோக்கமன்று. தோட்டங்கள் விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்டபோது, சின்னஞ்சிறு அடுக்குமாடி வீடுகளுக்குப் போன நம் மக்கள், வளர்த்த பூனைகளையும் நாய்களையும் விட்டுச் சென்றதை நான் கண்ணாரக் கண்டவன். தமக்கே இடமில்லாதவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போகுமுன் அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி ஒப்படைத்திருக்கலாம். சொல்லாமல் விட்டுச் செல்லும் பூனையைத்தான் பின்னர் வருபவர் கேளாமல் எடுத்துச் செல்கின்றனர்.

அப்பாட்டி இன்றும் கீழ் டிவிஷனில்தான் இருக்கிறார். வேறு பூனை வளர்க்கவில்லை. ஆயினும் தோட்டத்திலுள்ள ஒவ்வொரு பூனையும் எந்த வீட்டது, எதன் குட்டி என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் புதிய பூனை எது வந்தாலும் மாணவர்கள் முதலில் அவரிடந்தான் ஓடுகின்றனர். அவரும் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, நிறம் என்ன, காது எப்படி, வால் எப்படி என்று கேட்டுத் துருவுகிறார்.

இம்மலர் அச்சுக்குச் செல்லும் இவ்வேளையில், நூலக வாசலில் ஒரு கறுப்புப் பூனை வந்து படுக்கிறது. நான்கு பாதங்களும் வெள்ளை, இடக்கண்ணின் மேல் சிறு தழும்பு, நேரான வால். பாட்டிக்கும் அதனைத் தெரியவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கட்டிவிட்ட இரண்டாவது காகிதத்திற்கும் மறுமொழி வரவில்லை. அடையாளம் தெரிந்தவர்கள் பள்ளி அலுவலகத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.