தூண்டில் கம்பைக் கீழிருந்து கட்டுங்கள்

தூண்டில் கம்பைக் கடையில் முழுதாக வாங்காமல், பாகம் பாகமாக வாங்கித் தாங்களே கட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஈயக் குண்டைத் தரையில் இறக்கி, அடிமட்டத்து மீனைப் பிடிப்பதற்கான கம்பு என்றால் இந்த ஆர்வம் இன்னும் கூடுதல். ஆனால் பெரும்பாலானோர் எங்கே தொடங்குகிறார்கள்? ரீலில்! எந்தக் கம்பெனி, எத்தனை பேரிங். அடுத்தது கார்பன் கம்பா, ஃபைபர் கம்பா. பிறகு வளையம், கைப்பிடி, நரம்பு. கடைசியாக, கல்லாவில் பணம் கொடுக்கும்போது, "ஒரு பாக்கெட் ஈயக் குண்டும் போடுங்க" என்பார்கள்.

இந்த வரிசை தலைகீழானது. தரையைத் தொடுவது குண்டு. அதற்கு மேலே முள், நரம்பு, கம்பின் நுனி, கம்பு, வளையம், ரீல் என்று ஒவ்வொன்றாக வர வேண்டும். பணத்தை மிச்சப்படுத்த மட்டும் இதைச் சொல்லவில்லை. குண்டை யோசிக்காமல் வாங்குவதற்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார்.

பசியாவரத்தை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டுக்கு எதிரே, ஏரி நீர் சூழ்ந்த மீனவர் ஊர். பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு முனை தமிழ்நாட்டில். ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். உள்ளே பல இடங்களில் சேறு. முகத்துவாரத்தை நெருங்க நெருங்க மணல். ஏற்றத்திலும் வற்றத்திலும் அங்கே நீரோட்டம் இழுக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் உப்பு ஏறும்.

இப்போது கம்பைக் கட்டலாம்.

முதலில் குண்டு. சேற்றில் கூர்மையான குண்டு புதைந்துபோகும். தட்டையான குண்டு மேலாகவே உட்காரும். மணலில் நீரோட்டம் இழுக்கும் இடத்தில், மூலைகள் உள்ள குண்டு மணலைப் பற்றி நிற்கும். நடுவில் துளை உள்ள குண்டானால் நரம்பு அதன் வழியே ஓடும். மீன் இரையை இழுக்கும்போது குண்டின் பாரம் அதற்குத் தெரியாது.

அடுத்தது முள். கிழங்கானுக்கு வாய் சிறியது, பெரிய முள் வீண். கொடுவாவுக்குச் செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி. நரம்பின் கடைசி இரண்டடி தடிமனாக இல்லாவிட்டால் மீனும் போச்சு, முள்ளும் போச்சு. நண்டு இருக்கும் இடத்திலும் இதே கதைதான்.

மூன்றாவது நரம்பு. தங்கூஸ் எனப்படும் நைலான் நரம்பு இழுத்தால் நீளும். மீன் திடீரென்று பாயும்போது அது நல்லது. ஆனால் அதே காரணத்தால் தூரத்தில் நடக்கும் சிறு கடி கைக்குத் தெரியாது. பின்னிய நரம்பு கிட்டத்தட்ட நீளாது. சின்ன அசைவும் கைக்கு வரும். ஆனால் உராய்வைத் தாங்காது. பழவேற்காடு போன்ற ஆழமில்லாத ஏரியில், பக்கத்தில் போடும் தூண்டிலுக்குத் தங்கூஸே போதும். முகத்துவாரத்தில் தூரமாக வீசுபவருக்குப் பின்னிய நரம்பு உதவும்.

இவ்வளவும் முடிவான பிறகுதான் கம்பு. 30 முதல் 60 கிராம் குண்டைப் படகிலிருந்து போட ஏழடிக் கம்பு தாராளம். கரையில் நின்று அலையைத் தாண்டி வீச வேண்டுமானால் பத்தடிக்கு மேல் தேவைப்படும். கார்பன் கம்பு எடை குறைவு, கடியைச் சட்டென்று சொல்லும். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் படகின் விளிம்பில் ஒரு முறை நன்றாக மோதினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அடுத்த பெரிய மீனில் அது முறியும். ஃபைபர் கம்பு கனம்தான். ஆனால் அடி தாங்கும், விலையும் குறைவு. படகில் போகிறவருக்கு ஃபைபரே பொருத்தம். கடிதான் தெரிய வேண்டும் என்றால் நுனியை மட்டும் மெல்லியதாக வைத்துக்கொள்ளலாம்.

வளையங்களில் கவனிக்க வேண்டியது துரு. உப்பு நீரில் மலிவான சட்டம் சீக்கிரமே பல்லிளித்துவிடும். பின்னிய நரம்பு போடுபவருக்கு உள்ளே பீங்கான் வகை வளையம் அவசியம். இல்லையென்றால் நரம்பே உலோகத்தில் பள்ளம் அறுத்துவிடும். ரீல் உட்காரும் இருக்கையை அலுமினியத்தில் வாங்கிக் கார்பன் கம்பில் நேராகப் பொருத்துவதும் தவறு. உப்பு நீர் பட்டால் இரண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம் அரிக்கும். நடுவில் பசை அடுக்கு முழுமையாக இருக்க வேண்டும், அல்லது பிளாஸ்டிக் வகை இருக்கை போட வேண்டும்.

சரி, குண்டுக்குத் திரும்புவோம். அது ஈயத்தில்தான் இருக்க வேண்டுமா?

ஈயத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது அதன் அடர்த்தி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிராம் ஈயக் குண்டு உவர்நீரில் சுமார் 45.5 கிராம் எடை காட்டும். அதே எடையை நீருக்குள் காட்ட இரும்பில் 52 கிராம் குண்டு போதும். கருங்கல்லில் என்றால் சுமார் 73 கிராம் வேண்டும். இரும்புக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் இரண்டே கிராம்! இரும்புக் குண்டு கொஞ்சம் பருமனாக இருக்கும், துருப்பிடிக்கும். அவ்வளவுதான். பழைய நட்டு ஒன்றே நல்ல குண்டு. சேற்றில் தட்டையாக உட்காரும், துளையும் தயாராக இருக்கிறது.

ஈயம் துருப்பிடிக்காது என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஏரியில் அறுந்து விழுந்தால் அது அப்படியே கிடக்கும் என்பதும் அதன் பொருள்தான். இங்கிலாந்தில் ஈயக் குண்டை விழுங்கி அன்னங்கள் செத்ததால், 1987-ல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகள் சேற்றை அலகால் சலித்துத் தின்பவை. ஸ்பெயினிலும் மெக்ஸிகோவின் யுகட்டானிலும், துப்பாக்கி ரவையான ஈயத்தை விழுங்கிப் பூநாரைகள் இறந்தது பதிவாகியிருக்கிறது. 50 கிராம் குண்டைப் பூநாரை விழுங்காது, உண்மை. நரம்பில் கடித்துப் பொருத்தும் மிளகளவு குண்டுகள்தான் ஆபத்து.

பறவையை விடுங்கள், மனிதருக்கு வருவோம். ஈயம் 327 டிகிரியில் உருகும். வீட்டு அடுப்பே போதும். அதனால்தான் பழைய ஈயத்தை வீட்டிலேயே உருக்கிக் குண்டு வார்க்கிறார்கள். பக்கத்தில் குழந்தை விளையாடும், அதே அடுப்பில் பிறகு சோறு வேகும். எந்த அளவு ஈயமும் பாதிப்பில்லாதது என்று சொல்ல முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை. இந்த ஏரியில் இருளர் பெண்கள் நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். அறுந்த முள்ளும் நரம்பும் அந்தக் கைகளுக்குத்தான் முதலில் தட்டுப்படும்.

"மீனவர் வலையில் கட்டும் ஈயம் இதைவிடப் பல மடங்கு, அதைக் கேட்பாரில்லையே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வலை திரும்பி வீட்டுக்கு வரும். அதன் ஈயமும் வரும். தூண்டில் குண்டோ தொலைவதற்கென்றே கட்டப்படுவது மாதிரி. "துறைமுகமும் அனல் மின் நிலையமும் இருக்கும்போது குண்டு ஒரு விஷயமா?" என்றும் கேட்கலாம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர்கள் போராடியது எல்லோருக்கும் தெரியும். அந்தப் போராட்டம் பெரியது, அதற்கு வருடங்கள் ஆகும். குண்டை மாற்ற அரை நாள் போதும். ஒன்று மற்றொன்றுக்குச் சாக்கு ஆகாது.

பொழுதுபோக்குக்காக வருபவர் மறக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. இந்த ஏரியில் பாடு என்றொரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை கட்டலாம் என்பதைப் பாரம்பரிய மீனவ ஊர்கள் தங்களுக்குள் குலுக்கிப் போட்டு முடிவு செய்கின்றன. வெறும் தண்ணீர் என்று வெளியூர்க்காரர் நினைக்கும் இடம் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் வருமானமாக இருக்கலாம். அங்கே எறிந்த முள் வலையில் மாட்டினால் கிழிவது அவர்கள் வலை.

எனவே கம்பு கட்ட ஆசைப்படுபவர் பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு நாள் படகுத்துறைக்குப் போய் வரட்டும். கீழே சேறா மணலா, நீரோட்டம் எப்போது இழுக்கும், எந்த இடம் யாருடைய பாடு என்று அங்குள்ள அண்ணன்மாரிடம் கேட்கட்டும். பிறகு இரும்புக் கடையில் கைப்பிடி நட்டு வாங்கட்டும். ரீலை அதற்கடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.